கோயில் வேலைதானே என்று கையெழுத்துப் போட்டேன்: அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடம்

போன மாதம் டெக்சஸிலிருந்து ஒரு பெண் போன் பண்ணினாள். சொந்தம் இல்லை, தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரி. "அக்கா, இங்க ஒரு யுனிவர்சிட்டில கேம்பஸ் மினிஸ்டர் வேலை கிடைச்சிருக்கு. நீங்க அஞ்சு வருஷம் பார்த்தீங்களாமே, எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் கத்தோலிக்கப் பிள்ளைகளின் ஆன்மீகத் தேவைகளைக் கவனிக்கும் திருச்சபை வேலை அது. பத்து நிமிடம் பேசுவோம் என்று ஆரம்பித்தது இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. வைக்கும்போது, "இதையெல்லாம் எழுதி வைங்கக்கா, எனக்கு வேற யாரும் சொல்லல" என்றாள். எனக்கும் யாரும் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இந்த வேலையை நான் மனசார நேசித்தேன், இப்போதும் நேசிக்கிறேன். யாரையும் குற்றம் சாட்ட எழுதவில்லை. எனக்கு நடந்தது இன்னொருத்திக்கு நடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

என் தாத்தா எங்கள் ஊர்க் கோயில்பிள்ளை. நாற்பது வருடம் மணி அடித்தார், பீடம் துடைத்தார், சாமியார் வராத ஞாயிறுகளில் ஜெபமாலை சொல்லிக் கொடுத்தார். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் கோயிலை ஒட்டி ஒரு வீடு இருந்தது, அறுவடை ஆனதும் வீட்டுக்கு இவ்வளவு நெல் என்று வந்துவிடும், படுத்துக் கிடந்தால் ஊரே பார்த்துக்கொள்ளும். "கோயில் காரியத்துக்குக் கணக்குப் பார்க்காதட்டி" என்று அம்மா சொல்லிச் சொல்லித்தான் நான் வளர்ந்தேன். கல்லூரியில் ஐக்கஃப் இயக்கத்தில் இருந்தேன். 1924-இல் தொடங்கிய கத்தோலிக்க மாணவர் இயக்கம் அது. ஃபாதர் செராக் போன்றவர்கள் வழிநடத்தியது. கிராம முகாம், கூட்டம், விவாதம் என்று அங்கேதான் நான் பேசவே கற்றுக்கொண்டேன். கல்யாணம் ஆகி அமெரிக்கா வந்து, கணவரைச் சார்ந்த எச்-4 விசாவில், வேலைக்குப் போக அனுமதி இல்லாமல் வீட்டுக்குள்ளேயே ஆறு வருடம் இருந்தபோது நான் ஏங்கியது அந்தக் கல்லூரி முற்றத்துக்குத்தான்.

இங்கே அமைப்பு வேறு மாதிரி. நம் ஊரில் கத்தோலிக்கக் கல்லூரி என்றால் சபையே நடத்தும், வளாகத்துக்குள்ளேயே கோயில் இருக்கும். இங்கே அரசுப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்காக மறைமாவட்டம், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள திருச்சபை நிர்வாகம், வளாகத்தை ஒட்டி ஒரு மையம் நடத்தும். பெரும்பாலும் அதற்கு நியூமன் சென்டர் என்று பெயர். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்துகொண்டே தேடித் தேடி 1845-இல் கத்தோலிக்கரான ஜான் ஹென்றி நியூமனின் பெயர். அவருக்கு 2019-இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். 2025 நவம்பரில் திருத்தந்தை லியோ அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராகவும் அறிவித்தார். அவர் பெயரில் முதல் மாணவர் சங்கம் 1893-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இப்படி ஒரு மையத்தில் குருவானவர் ஒருவர் இருப்பார், அவரோடு சம்பளத்துக்கு வேலை செய்யும் பொதுநிலையினர், அதாவது குருக்களோ துறவிகளோ அல்லாதவர்கள், ஒருவர், இருவர் இருப்பார்கள். அந்தப் பொதுநிலையினர்தான் கேம்பஸ் மினிஸ்டர். தியானம் ஏற்பாடு செய்வது, விவிலியக் குழு நடத்துவது, புதிதாகத் திருமுழுக்குப் பெற வருகிறவர்களைத் தயாரிப்பது, ஞாயிறு பூசைக்குப் பாடகர் குழுவைச் சேர்ப்பது, அழுகிற பிள்ளையோடு உட்கார்ந்திருப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

நான் முதலில் ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்கு உதவி செய்யத்தான் போனேன். 2016-இல் எச்-4 வேலை அனுமதி அட்டை கையில் வந்ததும், அந்த மையத்தில் இருந்த வயதான சாமியார், "நீ ஏன் இதை முறையாகப் படிக்கக் கூடாது?" என்று கேட்டார். பணித்துறை இறையியலில் முதுகலை, பகுதி நேரமாக மூன்று வருடம். மறைமாவட்டம் கொடுத்த சலுகை போக என் கையிலிருந்து போனது 19,200 டாலர். 2019 ஆகஸ்டில் வேலை கிடைத்தது. வருடத்துக்கு 38,000 டாலர் என்றார்கள். நான் எதுவுமே கேட்கவில்லை. இரண்டு பக்கக் கடிதம். கோயில் வேலைதானே என்று நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டு, பக்கத்திலிருந்த சிற்றாலயத்தில் போய் முழங்காலில் நின்றேன். அந்த இரண்டு பக்கத்தில் இரண்டு வரி முக்கியம் என்று பிறகுதான் தெரிந்தது. ஒன்று, எந்த நேரமும் காரணம் சொல்லாமல் எந்தத் தரப்பும் வேலையை முடித்துக்கொள்ளலாம் என்பது. இன்னொன்று, "தேவைக்கேற்பப் பிற பணிகள்" என்பது. முதல் வரி அமெரிக்காவில் அநேகமாக எல்லா வேலைக்கும் உண்டு. இரண்டாவது வரிக்குள்தான் என் ஐந்து வருட இரவுகள் எல்லாம் போயின. கடிதத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் இரண்டு நாள் வைத்துப் படியுங்கள். கோயில் என்பதற்காக யாரும் உங்களை அதற்குத் தவறாக நினைக்க மாட்டார்கள். நினைத்தால் அதையும் கையெழுத்துப் போடும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

வேலை எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டுமானால் தவக்காலத்தின் முதல் நாளான திருநீற்றுப் புதனைச் சொல்ல வேண்டும். அது கட்டாயம் பூசைக்கு வர வேண்டிய கடன் திருநாள்கூட இல்லை, ஆனால் வருடத்திலேயே அதிகக் கூட்டம் வருவது அன்றைக்குத்தான். போன வருடக் குருத்தோலைகளை எரித்துச் சலித்த சாம்பல், சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில். அதை நெற்றியில் பூசிக்கொள்ளக் காலை ஏழு மணி முதல் இரவு பத்து வரை வந்துகொண்டே இருப்பார்கள். பொதுநிலையினரும் பூசலாம் என்பதால் பாதி வரிசை என்னிடம். "நீ மண்ணாக இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்பதை நினைவில் கொள்" என்பதை இங்கிலீஷில் சொல்லிச் சொல்லி மாலைக்குள் தொண்டை கட்டிவிடும். பெருவிரல் ரேகைக்குள்ளும் நகக் கண்ணிலும் கறுப்பு இறங்கி இரண்டு நாளைக்குப் போகாது. ஒரு வருடம், கூடைப்பந்து ஆடுகிற உயரமான பெண் ஒருத்தி என் முன்னால் வந்து குனிந்து, "நான் ஞானஸ்நானம் வாங்கலையே, எனக்கும் பூசுவீங்களா?" என்று கேட்டாள். சாம்பலுக்கு அந்தத் தடை கிடையாது. பூசினேன். அவள் போகாமல் கடைசி பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அடுத்த செப்டம்பரில் திருமுழுக்குக்குத் தயாரிக்கும் வகுப்புக்கு வந்தாள். 2023 பாஸ்கா திருவிழிப்பில், ஈஸ்டருக்கு முந்தின இரவில், திருமுழுக்குப் பெற்றாள். தலையில் ஊற்றிய தண்ணீர் தரையில் ஓட, அவள் அம்மா ஓரமாக நின்று போனில் படம் பிடித்துக்கொண்டே அழுதார். இதைப் போல ஒன்றைப் பார்த்த பிறகு மணிக்கணக்கு யார் பார்ப்பார்கள்? நானும் பார்க்கவில்லை.

பார்த்திருக்க வேண்டும். மாணவர்களுக்கு வசதியான பூசை ஞாயிறு இரவு ஒன்பது மணி. புதன்கிழமை இரவுச் சாப்பாடு நூற்றிருபது பேருக்கு. தவக்கால வெள்ளிகளில் கறி கிடையாது என்பதால் எண்பது பேருக்கு நானே சாம்பார் சாதம் செய்வேன். பையன்கள் தட்டை நக்காத குறையாகச் சாப்பிடுவார்கள். வார இறுதியில் தியானம், வசந்த விடுமுறையில் சேவைப் பயணம். 2022 பிப்ரவரியில் என் கணவர் என்னிடம் சொல்லாமலே ஒரு வாரம் குறித்து வைத்து, அறுபத்திரண்டு மணி நேரம் என்று காட்டினார். சம்பளம் நாற்பது மணிக்கு. எனக்கு ஓய்வு நாள் என்று எதுவும் எழுத்தில் இல்லை. சனி ஞாயிறு வேலை, வார நாளில் அலுவலகம். இந்த வேலைக்கு வருகிறவர்கள் வாரத்தில் ஒரு முழு நாளை, பெயர் சொல்லி, வெள்ளி என்றால் வெள்ளி என்று கடிதத்தில் எழுதி வாங்குங்கள். தியானத்துக்குப் போய் இரண்டு இரவு தங்கினால் ஈடாக எத்தனை நாள் விடுப்பு என்பதையும் கேளுங்கள். இன்னொன்று, எச்-4 அட்டையில் வேலை செய்கிறவர்களுக்கு: 2021-இல் என் அட்டை புதுப்பித்து வரத் தாமதமாகி ஏழு வாரம் வேலையில்லாமல் இருந்தேன், ஐயாயிரம் டாலருக்கு மேல் சம்பளம் போனது. "சம்பளம் வேண்டாம், சும்மா வந்து செய்கிறேன்" என்றேன். சம்பளத்துக்குச் செய்த அதே வேலையை இலவசமாகவும் செய்யக் கூடாது என்று வழக்கறிஞர் தடுத்தார். புதுப்பிக்க அனுமதிக்கும் முதல் நாளே விண்ணப்பித்துவிடுங்கள்.

நிதி திரட்டுவதைப் பற்றியும் முன்பே கேளுங்கள். ஃபோகஸ் என்று 1998-இல் தொடங்கிய ஒரு மறைபரப்பு அமைப்பு இருக்கிறது. அதன் இளைஞர்கள் தங்கள் சம்பளத்தைத் தாங்களே நன்கொடையாளர்களிடம் திரட்டிக்கொள்வார்கள். அவர்களுக்கு அது முதல் நாளே தெரியும், அதற்குப் பயிற்சியும் உண்டு. எனக்கு மூன்றாவது வருடம் திடீரென்று, நிகழ்ச்சிச் செலவில் பாதியை முன்னாள் மாணவர்களிடம் நீ திரட்ட வேண்டும் என்றார்கள். அதுவும் அந்தப் "பிற பணிகள்" வரிக்குள்தான் வந்தது.

இனி சொல்லப் போவதைத்தான் எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். 2022 இலையுதிர் பருவம். இரண்டாம் வருடம் படிக்கிற ஒரு பையன், சனிக்கிழமைதோறும் வந்து நாற்காலி அடுக்கிக் கொடுப்பான். ஒருநாள் அடுக்கி முடித்துவிட்டு, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்றான். நான் பண்ணினேன். வாழ்க்கையில் நான் செய்த பெரிய தவறுகளில் அது ஒன்று. வாழப் பிடிக்கவில்லை என்றான். நான் கேட்டேன், ஜெபித்தேன், ஆலோசகரிடம் போ என்றேன், போவதாகச் சொன்னான். மூன்று வாரம் அந்த ரகசியத்தைச் சுமந்துகொண்டு சாம்பார் கிண்டினேன், பாட்டு எடுத்தேன். பிறகு ஒரு வியாழன் இரவு ஒன்று நாற்பதுக்குச் செய்தி வந்தது: "முழிச்சிருக்கீங்களா?" கணவரை எழுப்பி இரண்டு பேருமாகப் போனோம். அவன் அறை வாசலில் உட்கார்ந்து, "சாகணும்னு நினைக்கிறியா?" என்று நேராகவே கேட்டேன். ஆமாம் என்றான். 988-க்குப் போன் போட்டோம். தற்கொலை எண்ணம் வருகிறவர்களுக்காக அந்த வருடம் ஜூலையில்தான் அந்த மூன்று இலக்க எண் நாடு முழுக்க வந்திருந்தது. அவர்கள் சொன்னபடி அவசர சிகிச்சைக்குக் கூட்டிப் போனோம். ஏழு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில். நர்ஸ் கேட்டபோது, மூன்று வாரமாக எனக்குத் தெரியும் என்று சொன்னேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் இருக்கிறது. பிழைத்தான். படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்குப் போனான், வேறு கல்லூரியில் முடித்தான் என்று அவன் அம்மா கிறிஸ்துமஸ் கார்டில் எழுதியிருந்தார். அவனிடமிருந்து இதுவரை ஒரு வரி வரவில்லை.

நான் ஏன் சத்தியம் பண்ணினேன்? கோயிலுக்குள் சொல்வது கோயிலோடு இருக்க வேண்டும் என்று எனக்குள் ஊறிப்போயிருந்தது. பாவசங்கீர்த்தன ரகசியம் குருவானவருக்கு, அதுவும் அந்த அருட்சாதனத்துக்குள் மட்டும்தான். பொதுநிலையினரான நாம் கேட்பது எதுவும் அந்த ரகசியத்துக்குள் வராது. இது வகுப்பில் படித்ததுதான். அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. அதனால் நான் பிறகு ஒரு வாக்கியத்தைப் பழக்கமாக்கிக்கொண்டேன். பிள்ளைகள் வாய் திறக்கும் முன்பே, "நீ சொல்றதை நான் ஊர் முழுக்கச் சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா, சின்னப் பிள்ளைக்குக் கொடுமை நடந்திருந்தா, நான் சொல்லியே ஆகணும். அப்பவும் உன்கிட்ட முதல்ல சொல்லிட்டுத்தான் செய்வேன்" என்று சொல்லிவிடுவேன். சில பேர் அதைக் கேட்டுப் பேசாமலே போனார்கள். மறுநாள் பலர் திரும்பி வந்தார்கள்.

அடுத்த வருடம் ஒரு பெண், விருந்து ஒன்றில் தனக்கு நடந்த கொடுமையைச் சொன்னாள். இதைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை எனக்கு உண்டா, இல்லையா? பல்கலைக்கழக ஊழியர்கள் பலருக்கு அப்படி ஒரு கடமை விதித்திருக்கிறார்கள். எனக்குச் சம்பளம் மறைமாவட்டம் கொடுக்கிறது, ஆனால் மையத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் உண்டு. மூன்று அலுவலகத்துக்குப் போன் போட்டேன், மூன்று விதமான பதில் வந்தது. அவள் என் அறையில் காத்துக்கொண்டிருந்தாள். வேலையில் சேர்ந்த முதல் வாரமே இந்தக் கேள்வியை மறைமாவட்டத்திடமும் பல்கலைக்கழகத்திடமும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. முதலாண்டு மாணவர்களில் பதினேழு வயதுப் பிள்ளைகளும் உண்டு, அவர்கள் சட்டப்படி சிறார் என்பதையும் மறக்காதீர்கள். 2002-இல் ஆயர்கள் கொண்டுவந்த பாதுகாப்பு விதிகளின்படி எல்லாருக்கும் ஒரு பயிற்சி தருவார்கள். சிறார் பாதுகாப்புக்கு அது அவசியமானது, ஆனால் பத்தொன்பது வயதுக்காரர் நள்ளிரவில் அழைத்தால் என்ன செய்வது என்பது எனக்குக் கிடைத்த பயிற்சியில் இல்லை. அதற்குத் தனியாக க்யூ.பி.ஆர். என்ற தற்கொலைத் தடுப்புப் பயிற்சி இருக்கிறது, ஓரிரு மணி நேரம்தான். நான் அதை எல்லாம் முடிந்த பிறகு போய்ப் படித்தேன். இன்னொரு விஷயம்: நீங்கள் பல்கலைக்கழகத்தின் ஆள் இல்லை என்பதால், ஒரு பிள்ளையைப் பற்றி நீங்கள் அவர்களிடம் சொல்லலாம், அவர்கள் உங்களிடம் எதுவும் சொல்ல மாட்டார்கள். மாணவர் ஆலோசனை மையத்தில் ஒருவரையாவது முன்கூட்டியே நேரில் பார்த்துப் பழகி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இரவுக்குப் பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. போனில் சின்னச் சத்தம் வந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். என் பெரிய மகன் பள்ளியில் பரிசு வாங்கிய நாள் எது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மையத்தில் என்னைக் கூப்பிட்டு, நீ எப்படி இருக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. சாமியாருக்கு இரண்டு பங்குக் கோயில்களின் பொறுப்பு வேறு. கடைசியில் நானே ஓர் உளவியல் ஆலோசகரைத் தேடிப் போனேன். ஒரு தடவைக்கு 140 டாலர், பதினோரு தடவை. ஐந்தாவது தடவையில் அவர், "நீங்கள் அந்தப் பையனுக்கு அம்மாவும் இல்லை, மருத்துவரும் இல்லை. அங்கே நீங்கள் யார்?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியாமல் அழுதேன். மருத்துவமனை ஆன்மீகப் பணியாளர்களுக்குப் பயிற்சிக் காலத்தில், தாங்கள் சந்தித்ததைக் குழுவில் வைத்துப் பேசும் முறை உண்டு. இங்கே அது இல்லாவிட்டால் நீங்களே உருவாக்குங்கள். நான் பக்கத்து மாநிலங்களில் இதே வேலை பார்க்கிற மூன்று பேரோடு மாதம் ஒருமுறை பேச ஆரம்பித்தேன். அதைத் தொடங்கிய பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

சரி, வேலை போன கதைக்கு வருகிறேன். பல மறைமாவட்டங்களில் குருக்கள் மாற்றம் கோடையில்தான் நடக்கும். 2024-இல் புதியவர் வருவது முடிவானதும், ஜூன் 11 செவ்வாய்க்கிழமை என்னை மறைமாவட்ட அலுவலகத்துக்கு அழைத்தார்கள். பதினைந்து நிமிடம். அமைப்பை மாற்றுகிறோம், நிதி குறைவு, ஜூன் 30-ஓடு உங்கள் பதவி இல்லை, இரண்டு வாரச் சம்பளம் கூடுதலாகத் தருகிறோம் என்றார்கள். கடுமையாக எதுவும் பேசவில்லை. ஒருவர் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். நான் வீட்டுக்கு வருவதற்குள் என் மின்னஞ்சல் மூடப்பட்டிருந்தது. போன் அவர்களுடையது, பிள்ளைகளின் எண்கள் எல்லாம் அதில்தான். விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த ஒரு பிள்ளையிடம்கூட நான் போகிறேன் என்று சொல்ல முடியவில்லை. செப்டம்பரில் வந்து, அந்த அக்கா எங்கே என்று கேட்டிருப்பார்கள். பணம் போனதைவிட எனக்கு வலித்தது இதுதான். மாணவர்களின் தகவலை நீங்கள் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது, அது சரிதான். ஆனால் உங்கள் நியமனக் கடிதம், விடுப்புக் கணக்கு, மதிப்பீட்டுக் குறிப்புகள் இவற்றின் நகல் வீட்டில் இருக்கட்டும். விடைபெறும் முறை என்ன என்பதைக்கூடச் சேரும்போதே கேட்கலாம்.

வேலையில்லாக் கால உதவித்தொகை வாரம் 350 டாலராவது வரும், சமாளித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். மாநில அரசின் தளத்தில் விண்ணப்பித்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு காகிதம் வந்தது. என் பெயர், அதன் கீழே நான்கு காலாண்டுகளுக்கு நான்கு கட்டம், ஒவ்வொன்றிலும் சம்பளம்: 0, 0, 0, 0. ஐந்து வருடம் நான் வேலையே செய்யவில்லை என்பது போல் இருந்தது. தவறு நடந்துவிட்டது என்று போன் போட்டேன். தவறு இல்லை. கோயில்களுக்கும் கோயில் நடத்தும் அமைப்புகளுக்கும் வேலையின்மைக் காப்பீட்டு வரியிலிருந்து கூட்டாட்சிச் சட்டம் விலக்கு தருகிறது. அவர்கள் தானாக முன்வந்து சேர்ந்திருந்தால் ஒழிய, அங்கே வேலை செய்தவருக்கு அந்த உதவித்தொகை கிடையாது. சில மறைமாவட்டங்கள் தாங்களே ஒரு மாற்று நிதி வைத்திருக்கின்றன. எங்களுடையதில் இல்லை.

மருத்துவக் காப்பீட்டில் இதைவிட மோசமாக அடிபட்டேன். என்னையும் இரண்டு பையன்களையும் என் காப்பீட்டில்தான் சேர்த்திருந்தேன். அமெரிக்காவில் வேலை போனால் கோப்ரா என்ற சட்டப்படி, முழுப் பணமும் நாமே கட்டிப் பழைய காப்பீட்டைக் கொஞ்ச காலம் தொடரலாம் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தக் கடிதம் வரும் வரும் என்று ஜூலை முழுக்கத் தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயில்களின் காப்பீட்டுத் திட்டத்துக்குக் கோப்ராவும் பொருந்தாது. ஆகஸ்ட் 6-ஆம் தேதிதான் அது தெரிந்தது. உடனே கணவர் அலுவலகத்தில் கேட்டால், காப்பீடு முடிந்த முப்பது நாளுக்குள் வந்திருக்க வேண்டும் என்றார்கள். அரசின் காப்பீட்டுச் சந்தைக்கு அறுபது நாள் அவகாசம் உண்டு. அதில் பதிந்து செப்டம்பர் 1-இலிருந்து மாதம் 640 டாலர் கட்டினேன், நான்கு மாதம், ஜனவரியில் கணவரின் திட்டத்துக்கு மாறும் வரை. இடையில் இரண்டு மாதம் காப்பீடே இல்லை. இளையவனுக்கு ஆஸ்துமா. இன்ஹேலருக்கு மாதம் 155 டாலர் கையிலிருந்து போனது. அவன் ஓடி விளையாடும்போதெல்லாம் ஜன்னலில் நின்று மூச்சை எண்ணிக்கொண்டிருப்பேன். முப்பது நாள் என்ற அந்த எண்ணை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை போன அன்றைக்கே துணைவரின் அலுவலகத்துக்குப் போன் போடுங்கள்.

வழக்குப் போடும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. ஆனாலும் என் நிலை என்ன என்று தெரிந்துகொள்ள 300 டாலர் கொடுத்து ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். 2012-இலும் 2020-இலும் உச்ச நீதிமன்றம் தந்த இரண்டு தீர்ப்புகளை எடுத்துச் சொன்னார். சமயப் பணியின் முக்கிய வேலைகளைச் செய்கிறவரை வைத்துக்கொள்வதும் நீக்குவதும் சமய அமைப்பின் உரிமை. பாகுபாடு நடந்தது என்று சொல்லிக்கூட அநேகமாக வழக்காட முடியாது. குருப்பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை, ஜெபம் நடத்துவதும் மறைக்கல்வி கொடுப்பதுமே போதும். திருச்சபைக்குத் தன் பணியாளரைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. அப்படியானால் சட்டம் தராத பாதுகாப்பைத் திருச்சபையே எழுத்தில் தர வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அவர் இன்னொன்றும் சொன்னார், நம் ஊரிலிருந்து ஆர்-1 சமயப் பணியாளர் விசாவில் வருகிறவர்களுக்கு அது முக்கியம். எச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அறுபது நாள் வரை அவகாசம் உண்டு. ஆர்-1-க்கு அந்த விதி பொருந்தாது. சகோதரிகளும் ஃபாதர்களும் நிறையப் பேர் அந்த விசாவில் இருக்கிறார்கள். வேலையை விடும் முன் வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

படிப்புச் செலவையும் போன சம்பளத்தையும் விட்டுவிட்டாலே, உளவியல் ஆலோசகர், காப்பீடு, இன்ஹேலர், வழக்கறிஞர் என்று கையிலிருந்து போனது 4,710 டாலர். ஏழு மாதம் வேலையில்லை. அம்மாவிடம் இரண்டு மாதம் சொல்லவே இல்லை. சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்க தாத்தாவுக்கு வீடு இருந்துச்சுல்லாட்டி, உனக்கு அவுங்க என்ன குடுத்தாங்க?" என்று கேட்டார். கணக்குப் பார்க்காதே என்று சொல்லி வளர்த்த அதே அம்மா. இப்போது நான் ஒரு மருத்துவமனையில் ஆன்மீகப் பணியாளர் பயிற்சியில் இருக்கிறேன். திருநீற்றுப் புதன் வந்தால் மட்டும் மனசு அந்த வரிசைக்குப் போய்விடும்.

டெக்சஸ் பெண்ணுக்கு ஐந்து கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். வேலையின்மைக் காப்பீட்டில் மறைமாவட்டம் சேர்ந்திருக்கிறதா, வேலை முடிந்தால் மருத்துவக் காப்பீடு எத்தனை மாதம் தொடரும், ஓய்வு நாள் எது, நள்ளிரவு அழைப்புக்கு என் பின்னால் நிற்பவர் யார், மாணவர் சொல்வதில் எதை எங்கே தெரிவிக்க வேண்டும். அனுப்புவதற்கே அவளுக்குக் கை நடுங்கியதாம். "சாமியார் தப்பா எடுத்துக்கிட்டா என்னக்கா?" என்று மூன்று முறை கேட்டாள். போன வெள்ளி பதில் வந்துவிட்டது, எனக்கு அனுப்பினாள். வேலையின்மைக் காப்பீடு இல்லை. மருத்துவக் காப்பீடு மூன்று மாதம் தொடரும். திங்கள் முழு ஓய்வு. நள்ளிரவு அழைப்புக்கு இரண்டு பேர் முறை வைத்துக்கொள்வார்கள், அவளுடைய வாரம், சாமியாருடைய வாரம் என்று. ஐந்தாவது கேள்விக்கு மட்டும், "இதை இதுவரை யாரும் கேட்டதில்லை, எங்கள் வழக்கறிஞரிடம் எழுதி வாங்கித் தருகிறோம்" என்றிருந்தது. அது கைக்கு வந்ததும் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னாள். கூடவே, எண்பது பேருக்குச் சாம்பார் என்றால் பருப்பு எத்தனை கிலோ என்றும் கேட்டிருந்தாள்.